நாலு மணிக்குள் ஓர் எடிட்டர்

மட்டாஞ்சேரியில் எங்கள் மாடியறை முழுக்கக் கீழ்க்கிடங்கின் சுக்கு வாசனை. இரண்டாயிரத்து மூன்று, மழை விட்ட மதியம். என் கணவர் பாண்டியராஜ், லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரில் கிடங்குக்கு வலைப்பக்கம் எழுத ஓர் எடிட்டர் மென்பொருள் தேடுகிறார். நாலு மணிக்குக் கிடங்கு முதலாளி பிஜு சேட்டன் வருவார். சுக்கு விலையை வலைப்பக்கத்தில் அவர் கண்முன்னே மாற்றிக் காட்டினால் வேலை இவருக்கு. இல்லாவிட்டால் எறணாகுளத்துக் கம்பெனிக்கு. முதல் எடிட்டர் திறப்பதற்குள் நான் சாயா போட்டு ஆற்றியே முடித்துவிடுகிறேன். "என்ன, லாரியில மூட்டை ஏத்துதா?" என்கிறேன். "மிண்டாதே, பேசாம இரு சங்கரி," என்கிறார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. இரண்டாவது வேகமாகத் திறக்கிறது. ஆனால் இவர் எழுதாத வரிகளைத் தானே சேர்க்கிறது. "எனக்கே பாடம் சொல்லிக் குடுக்குது!" என்று அதை அழிக்கிறார். மூன்றாவதைச் சொடுக்கிய கையை எடுக்கும் முன்பே வெள்ளைத் திரையில் வரி எண்களும் நீலக் குறிகளும் பளிச்சென்று நிற்கின்றன. "வந்தாச்சுடீ!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிறது. மரப்படியில் செருப்புச் சத்தம். "பாண்டீ, சரியாயோ?" பிஜு சேட்டன் வாசலில் நிற்கிறார். இவர் நாற்காலியை நிமிர்த்தி என்னை உட்கார வைக்கிறார். "நீ மாத்து. ஆருக்கும் செய்யப் பற்றும்னு சேட்டன் காணட்டும்." நான் பழைய விலையை அழித்துப் புதியதை எழுதிச் சேமிக்கிறேன். வலைப்பக்கத்தில் விலை மாறுகிறது. "அடிபொளி!" என்கிறார் பிஜு சேட்டன். பாண்டியராஜ் இறந்து இப்போது பதினோரு வருடமாகிறது. பிஜு சேட்டனின் வலைப்பக்கத்தில் சுக்கு விலையை இன்றைக்கும் நான்தான் மாற்றுகிறேன்.