புள்ளிக்கோடு

"பேனாவை உள்ள வைங்க சார். இங்க பென்சில் மட்டும்தான்" என்றார் ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா.

இளையவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வாரா வாரம் இவர் பேனாவை எடுப்பதும் அந்த அம்மா அதட்டுவதும் இருவருக்குள்ளும் ஒரு குசலவிசாரிப்பாகவே ஆகிவிட்டிருந்தது.

மேஜையில் அண்ணன் கொடுத்தனுப்பிய பெரிய தாள் விரிந்து கிடந்தது. குடும்ப மரம். புது வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்ட வேண்டுமாம்.

அண்ணன் ஆயுசு முழுக்கக் கட்டட வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்றபின் கையில் கட்டடம் எதுவும் சிக்காததால் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டார். தாளின் மூலையில் விதிமுறை வேறு எழுதியிருந்தார். பெற்ற பிள்ளைக்கு நேர்க்கோடு. கல்யாணத்துக்கு இரட்டைக்கோடு. எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் புள்ளிக்கோடு.

மரத்தின் கீழ்க்கிளைகளில் அப்படி ஒரே ஒரு புள்ளிக்கோடு வர வேண்டியிருந்தது.

அதை மட்டும் இளையவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒரு வாரம் பென்சில் முனை மழுங்கிவிட்டது. மறுவாரம் அளவுகோலை வீட்டில் வைத்துவிட்டார். வெளிச்சம் போதவில்லை. காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் நாளைக்குத் தாள் சட்டம் போடுகிறவர் கைக்குப் போயாக வேண்டும். போனபின் அழிக்க முடியாது.

மரத்தில் கொள்ளுத்தாத்தா வரை அண்ணனே எழுதிவிட்டார். அவருக்கும் மேலே இருந்த எள்ளுத்தாத்தாவைத் தேடிப்பிடித்தது இளையவர். மேட்டு நிலத்தில் உழுது பிழைத்த மனிதர். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த வீட்டுப் பதிவேட்டில் அவர் பெயருக்குக் கீழே, இடது காதில் வெட்டுத் தழும்பு என்ற அடையாளத்தோடு, இளவட்டமாக உட்கார்ந்திருந்தார் கொள்ளுத்தாத்தா. பக்கத்தில் 'மகன்' என்று எழுதியிருந்தது.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. நம் வழுக்கை அந்த மனிதரிடமிருந்து வந்ததுதான் என்று தன் தலையைப் பெருமையோடு தடவிக்கொண்டார். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோருக்கும் முப்பதிலேயே தலை மைதானமாகிவிட்டது. இளையவருக்கு மட்டும் இன்னும் காடு. அந்தப் பேச்சு வந்தால் அண்ணி எதையோ மறந்தவர் மாதிரி அடுக்களைக்கு எழுந்து போய்விடுவார்.

இன்று அந்த அம்மா எடுத்துக் கொடுத்தது அதற்கு முந்தைய பதிவேடு. கொள்ளுத்தாத்தாவைச் சிறுவனாகவும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று இளையவர்தான் கேட்டு வாங்கியிருந்தார்.

பக்கம் கிடைத்தது. எள்ளுத்தாத்தா. மனைவி. பிறகு மாடு இரண்டு, நிறத்தோடு. மாடுகளுக்குப் பிறகுதான் மகள்கள்.

மகன் இல்லை.

கடைசியில், கட்டத்துக்கு வெளியே நெருக்கியடித்து ஒரு வரி: 'ஒரு பையன். வெள்ளத்துக்குப் பிறகு வந்தவன். தாய் தகப்பன் தெரியாது. மாடு மேய்க்கிறான்.'

பெயர், கொள்ளுத்தாத்தாவின் பெயர். வயதில் பத்துக் குறைவு. இடது காதில் வெட்டுத் தழும்பு.

இளையவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். கண்ணாடி மேல் குற்றமில்லை.

மகள்கள் கல்யாணமாகி வேறு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். தாளில் இருக்கும் அத்தனை பேரும், அப்பா, சித்தப்பா, அண்ணன், அண்ணனின் பேத்தி வரைக்கும், அந்த மாடு மேய்த்த பையனின் காதைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வழுக்கை யாருடையதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"என்ன சார், தாத்தா பொறந்துட்டாரா?" என்றார் அந்த அம்மா.

"வந்து சேந்துட்டாரும்மா."

அடுத்த பதிவேட்டின் 'மகன்' ஞாபகம் வந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. கேட்டவருக்கு எள்ளுத்தாத்தா யோசிக்காமல் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

விதி என்றால் விதி. இளையவர் அளவுகோலை வைத்து எள்ளுத்தாத்தாவிலிருந்து பையன் வரைக்கும் புள்ளி புள்ளியாகக் கோடு இழுத்தார். மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரத்தையும் வரைபடத்தில் அண்ணன் இப்படித்தான் போடுவார்.

கை ஓடத் தொடங்கிவிட்டதால், அதே வேகத்தில் கீழே வந்து, இத்தனை நாள் தள்ளிப்போட்ட மற்றதையும் போட்டு முடித்தார். பென்சில் முனை நன்றாகத்தான் இருந்தது.

கைபேசி அதிர்ந்தது. அண்ணன். சத்தமில்லாமல் பேசுங்கள் என்று அந்த அம்மா சைகை காட்டினார்.

"முடிச்சிட்டியாடா?"

"ஆச்சுண்ணே."

"புள்ளிக்கோட்டை மறக்கலையே? நாளைக்கு எவனும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசிடக் கூடாது பாரு. அதுக்குத்தான் சொல்றேன்."

"மறக்கலண்ணே. ரெண்டு போட்டிருக்கேன்."

அண்ணன் மனசுக்குள் கிளை கிளையாக எண்ணிப் பார்ப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

"ரெண்டா? ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு யாருக்குடா?"

சைக்கிள் பழகிய நாளில், விடமாட்டேன் விடமாட்டேன் என்று பின்னாலேயே ஓடிவந்த அதே குரல்.

"இருண்ணே, பாத்துச் சொல்றேன்" என்று இளையவர் ரப்பரைக் கையில் எடுத்தார். மேலே இருந்து ஆரம்பிப்பதா, கீழே இருந்தா என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.