எடை வந்த பாம்பு

யசோதரா ஓராண்டு வெளிநாட்டு வேலை முடிந்து வீடு திரும்பியபோது, தம்பி குமணனிடம் விட்டுப்போன அவள் வளர்த்த, மலைப்பாம்பு போன்ற பெண் போவாப் பாம்பின் கூண்டுக்குள் ஓர் ஆண் பாம்பும் கிடந்தது. வாலடியிலிருந்த சின்னக் கொக்கிகளால் அது இணைசேரப் பெண் பாம்பின் முதுகைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

“எடை வந்துருச்சுக்கா. குட்டி போடத் தாங்கும்” என்றான் குமணன்.

“வயசு வந்துச்சா? ரெண்டு வயசுகூட முடியலையேடா.”

“நல்லா தின்னுச்சு. எலியப் போட்டுட்டே இருந்தேன்.”

பெண் பாம்பு வளையும் இடமெல்லாம் கொழுப்பு மடிந்து நின்றது. அது வளரவில்லை, ஊதியிருந்தது. யசோதரா ஆண் பாம்பை உருவி வேறு பெட்டியில் போட்டாள். கனம் பார்க்கப் பெண் பாம்பைத் தூக்கியதும், ஒருநாளும் அவளைக் கடித்தறியாத அது அவள் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டது.

குமணன் பதறி அதன் கழுத்தைப் பிடிக்க வந்தான்.

“தொடாத. இழுத்தா அதுக்குப் பல்லு ஒடியும்.”

“ரத்தம் கொட்டுதுக்கா.”

“கொட்டட்டும். அது விடும்போது விடும்.” அவள் பாம்பைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தாள். “நீ எங்கயும் போகாத. இங்கயே நின்னு பாரு.”

குமணன் சுவரோடு ஒட்டி நின்றான். பாம்பு இன்னும் விடவில்லை.