பேர் வைக்காத பாட்டு

திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, எரியும் மெழுகுவத்திக்குப் பக்கத்தில், அந்த லேப்டாப் மூடி வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு ஜெபமாலை கிடந்தது. வெங்கடேஷ் ஷூவைக் கழற்றிவிட்டு, நனைந்த ரெயின்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலோரம் நின்றான்.

ஏற்காடு டவுனில் அவன் கம்ப்யூட்டர் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாரமங்கலத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை.

“சார்ஜரை எலி கடிச்சுப் போட்டுருச்சுங்க தம்பி. அதுக்கப்புறம் இதத் தொறக்கவே இல்ல” என்றாள் லூர்துசெல்வி. “உள்ள எங்க ஊட்டுக்காரரு பாடுன பாட்டு ஒண்ணு இருக்குது. ஆண்டனி ராஜ்னா இந்த மலையில எல்லாருக்கும் தெரியும். கோயில்ல கூட்டத்தோட பாடுனது எத்தனையோ இருக்குது. தனியாப் பாடுனது இது ஒண்ணுதான்.”

வெங்கடேஷ் தயங்கினான். “சாருக்கு என்னாச்சுங்க்கா?”

“கரடியூர்லருந்து வாரப்ப பைக்கு வழுக்கிருச்சுங்க. பனிமூட்டம். தலையில அடி.”

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஜன்னலோரம் ஸ்டூலில் ஒருவர், குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். லூர்துசெல்வி காப்பியை ஊதி ஆற்றி முதலில் அவர் கையில் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொள்ளும்வரை தம்ளரை விடவில்லை. அவளுடைய அண்ணனாக இருக்கலாம் என்று வெங்கடேஷ் நினைத்தான்.

“பாட்டை சேவ் பண்ணியிருந்தாருங்களா?”

“அது பேரு கேக்குமாமே. முடியாத பாட்டுக்கு அவரு பேரு வெக்க மாட்டாரு. ஞானஸ்நானத்துக்கு முன்னால பிள்ளைக்கு எவனாச்சும் பேரு வெப்பானாம்பாரு. முடியற மட்டும் அப்படியே மூடுவாரு, அப்படியே தொறப்பாரு.”

“இந்த மாதிரி ஆளுங்க இருக்கங்காட்டித்தான் எங்க கடையே ஓடுது” என்று சிரித்தவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவளும் லேசாகச் சிரித்தாள். “போச்சுங்களா தம்பி?”

“அவரு எதை அமுத்திட்டுப் போனாருங்கறதுலதான் இருக்குதுங்க்கா. ஷட் டவுனுன்னா, சேவ் பண்ணாதது அத்தனையும் போச்சு. ஸ்டாண்ட்பைன்னா கண்ண மூடியிருக்கும், ஆனா உள்ள பேட்டரியத் தின்னுட்டே இருக்கும். பேட்டரி தீந்தா அதுவும் போச்சு. ஹைபர்னேட்டுன்னு மூணாவது ஒண்ணு. செஞ்சிட்டிருந்த வேலைய அப்படியே உள்ள எழுதி வெச்சுட்டுத்தான் அணையும். எத்தனை மாசம் கழிச்சு எழுப்புனாலும் விட்ட எடத்துலருந்தே எந்திரிக்கும்.”

“எல்லாம் ஞாபகம் இருக்குமுங்களா?”

“ஒண்ணு விடாதுங்க.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மழை ஓட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“அவரு கடைசியா மூடுன அன்னைக்கு, ஓரத்துல லைட்டு மினுக்குச்சுங்களா? மினுக்குனா ஸ்டாண்ட்பை” என்றான் வெங்கடேஷ்.

அவள் கண்களை மூடினாள். “அன்னைக்குக் கரண்டு இல்லீங்க. தீப்பெட்டி தேடி இந்த மேசையத்தான் தடவுனேன். மொழங்காலக்கூட இடிச்சுக்கிட்டேன்.” கண்ணைத் திறந்தாள். “ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல தம்பி.”

அப்படியானால் ஷட் டவுன், இல்லை ஹைபர்னேட். அவள் ஜெபமாலையை எடுத்து விரல்களில் சுற்றிக்கொண்டாள். அவன் புதுச் சார்ஜரைச் சொருகி பட்டனை அமுக்கினான். விசிறி முனகியது. திரை நெடுநேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு மெல்ல வெளுத்தது. பாட்டின் ஒலியைக் காட்டும், வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், பாதியில் நின்றிருந்தன.

“அக்கா, இருக்குதுங்க! மொதல்ல சேவ் பண்ணிடறேன். பேரு என்ன போடட்டும்?”

“ஏதாச்சும் நம்பர் போட்டு வைங்க. பேரை அப்புறம் வெச்சுக்கலாம்.”

“இது கோயில்ல போடறதுக்குங்களா? இல்ல, நீங்க கேக்கறதுக்குங்களா?”

“எனக்கு எதுக்குங்க? எனக்குத்தான் மனசுலயே இருக்குதே” என்றாள்.

அவன் பாட்டை ஓட விட்டான். முதலில் ஒரு செருமல். பிறகு அந்தக் குரல், “செல்வி, கதவச் சாத்து. மழைச் சத்தம் உள்ள வருது” என்றது.

லூர்துசெல்வி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு தொடங்கியது. அவசரமில்லாத, கொஞ்சம் கரகரப்பான குரல். ஜன்னலோரத்து மனிதரின் விரல்கள் தம்ளரில் தாளம் போட்டன. அதைப் பார்த்ததும் அவள் ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தாள். மூச்சுவிடக்கூட பயந்தவள்போல் இருந்தாள்.

இரண்டாவது சரணத்தின் நடுவில் குரல் நின்றது. தாளமும் நின்றது.

அவர் முதல் முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். யாரோ முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல், மரியாதையாகக் கேட்டார்.

“ஏனுங்க, நொம்ப நல்லாப் பாடறாரே, யாருங்க அவரு?”

அவள் அவருடைய குல்லாவைச் சரிசெய்தாள்.

“நீங்கதானுங்க.”