பெற்றோர் பார்வைக்கு

"எல்லாம் கொள்ளாம் அண்ணே. ஆனா அவன் எழுதுகது எனக்கு வரப்பிடாது."

முட்டத்திலிருந்து வந்த ஸ்மிதா இப்படிச் சொன்னதும் ததேயுசுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

பின்னே வராதா? கோட்டாறில் பிரவுசிங் சென்டர் போட்ட நாள் முதலாக எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. வீட்டில் எட்டு வயசில் டிஜோ என்று ஒரு பையன். அவனுக்கு மெயில் வேண்டுமாம். கண்ட கண்ட படம் வரக்கூடாதாம். லாட்டரி விழுந்திருக்கிறது என்று எவனும் எழுதக்கூடாதாம். சவுதியில் இருக்கிற ஒரே ஒரு ஆளுக்கு எழுத வேண்டும், அங்கேயிருந்து மட்டும் பதில் வர வேண்டும்.

கேட்கிற கேள்வியைப் பார் என்று முனகிக்கொண்டே அவரும் தேடித் துழாவி, சின்னப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். பெரிய பெரிய பொத்தான்கள். பூனைக்குட்டியை அமுக்கினால் மெயில் போய்விடும். ஆனால் பிள்ளை எழுதுவதும் பிள்ளைக்கு வருவதும் முதலில் பெற்றோர் பார்வைக்குத்தான் வரும். அவர்கள் சரி என்றால்தான் மேற்கொண்டு நகரும்.

"அதுதான் தங்கச்சி இதுல உள்ள விசேஷமே."

"அதுதான் வேண்டாம்ங்கேன்."

விசா பிரிண்ட் எடுக்க வந்திருந்த பொன்னுலிங்கம் பேப்பரை மடக்கி மடியில் வைத்தார். அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் அவருக்கு விசா அப்புறம்தான்.

"பிள்ள எழுதுகதப் படிக்கக்கூட நேரமில்ல போல. சீரியல் பாக்க மட்டும் நேரம் காணும்" என்றார் சுவரைப் பார்த்து.

ஸ்மிதா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டு மாசமா பய ஒண்ணும் பேசமாட்டேங்கான் அண்ணே. சரியா திங்கவும் மாட்டேங்கான். சவுதியிலேருந்து போன் வந்தா, நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு எங்கையில தந்துருகான். பக்கத்துல நான் நிக்கேன்லா. எழுதினாலாவது மனசுல கெடக்கதச் சொல்லுவான்."

"அப்ப நீங்கதானே மொதல்ல படிக்கணும்?"

"நான் படிப்பேன்னு தெரிஞ்சா எழுதமாட்டான்."

நல்ல அம்மா, நல்ல பிள்ளை. ததேயுசின் கண் அவள் கழுத்துச் செயினில் போய் நின்றது. ஒருத்தன் அங்கே வெயிலில் வெந்து சாகிறான். இங்கே மகாராணிக்குப் பிள்ளை எழுதுகிற நாலு வரியைப் படிக்க வலிக்கிறது. பெற்றுப் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற கூட்டம் இப்போது பெருகிவிட்டது.

"எம் மொவளுக்கு வாற மெயில ஒண்ணு விடாம நான் படிப்பேன்" என்றார். "பாஸ்வேர்டே எங்கிட்டதான் இருக்கு. வளர்க்கதுன்னா அப்படி வளர்க்கணும்."

"இவன் பாஸ்வேர்டு இவங்கிட்ட மட்டும் இருக்கட்டு. நாளைக்கு ஸ்கூல் விட்டதும் கூட்டிட்டு வாறேன். அவனுக்கு மட்டும் சொல்லிக் குடுங்க."

"நல்ல கூத்து" என்றார் பொன்னுலிங்கம். "நாளைக்கு வீட்டுச் சாவியையும் அவங்கிட்ட குடுத்துட்டு இவங்க வாசல்ல நிப்பாங்க."

ததேயுசுக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கவும் இல்லை.

"நீங்க சொல்லுகபடி எல்லாம் இது கேக்காது தங்கச்சி. பெற்றோர்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல ஒருத்தர் மெயிலப் போடாம அடுத்த பக்கத்துக்கே போகாது. ஒங்க மெயிலச் சொல்லுங்க."

"சவுதி அட்ரஸப் போடுங்க."

"வேல செய்ற எடத்துல அவரு இதையெல்லாம் பாத்துட்டு இருப்பாராக்கும்? செரி, ஒங்க இஷ்டம். பேரு?"

"ரோஸ்லின்."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"அது பொம்பளப் பேருல்லா?"

"டிஜோக்க அம்மை. எங்க அண்ணன் செத்த பொறவு நர்ஸ் வேலைக்குப் போனா. அவ வாறது வரைக்கும் பய எங்கூட இருக்கான். நான் அவனுக்கு அத்தை."

பொன்னுலிங்கம் அவசரமாகப் பேப்பரை விரித்தார். ததேயுஸ் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பேசிப் பழகிய வாய்.

"அத்தைன்னா அம்மை மாதிரிதானே? நீங்க படிச்சா என்ன குறைஞ்சா போவும்?"

ஸ்மிதா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அவனுக்குச் சோறு போடுகதும் நான்தான், அடிக்கதும் நான்தான். நான் அவனக் கொடுமப்படுத்துனா, அத அவன் பெத்த தாய்க்கிட்டச் சொல்லுகதுக்கும் நான்தான் அனுமதி குடுக்கணுமா அண்ணே?"