பேயக்காவின் முனகல்

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, டப்பிங் அறைக்கு வெளியே கிடந்த பழைய சோபாவில் சாய்ந்துகொண்டு சவுண்டு இன்ஜினியர் ஒவ்வொரு விமர்சனமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

“செத்தவங்க நல்லாத்தான் நடக்கறாங்க, கதைதான் நகரவே மாட்டேங்குதுன்னு போட்டிருக்கான் அக்கா.”

பேயக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அந்த ஜாம்பி தொடரில் வருகிற நடைப்பிணங்களில் பாதிக்கு அவள்தான் குரல். காவலாளியிலிருந்து தயாரிப்பாளர் வரை எல்லோருக்கும் அவள் பேயக்கா. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

முந்தின நாள் ஓடிடியில் வெளியான எபிசோடை எல்லோரும் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அத்தனை பேருக்கும் உறுத்தியது ஒரே இடம்தான். இடிந்துபோன பள்ளிக்கூடத்துக்குள் பிணக்கூட்டம் நுழைகிறது. பெஞ்சுக்கு அடியில் ஒரு சின்னப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கிறாள். பக்கத்தில் வந்து நிற்கிற பிணம், உறுமுவதை விட்டுவிட்டு ஏதோ ஒரு மெட்டை முனகுகிறது.

வசனத் தாளில் ‘உறுமல், நீளமாக’ என்றுதான் இருந்தது. மெட்டு பேயக்காவின் கைச்சரக்கு. தெரிந்தேதான் செய்தாள். இயக்குநர் அன்றைக்கு இருந்த அவசரத்தில் அது அப்படியே போய்விட்டது.

எல்லாம் மகளுக்காக. அவள் இந்தத் தொடரை ஒரு வாரம்கூட விடமாட்டாள். வீட்டில் இருந்தவரைக்கும், நூறு பிணம் சேர்ந்து உறுமினாலும் அதற்குள் அம்மாவின் குரல் எதுவென்று விரலை நீட்டிக் காட்டிவிடுவாள்.

அவளுடைய கல்யாணத்தை மாமன்மார் கூடத்தில் உட்கார்ந்து தாங்களாகவே பேசி முடித்த அன்று, அவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. அண்ணன்களிடம் பயம், வேறென்ன.

“ஊர்ப் பிணத்துக்கெல்லாம் குரல் குடுக்கறே. எனக்கு ஒரு வார்த்தை இல்ல, இல்லம்மா?”

அன்று வாசலைத் தாண்டிப் போனவள் போனவள்தான். போன் நம்பரும் மாறிப்போனது. தெரிந்தவர்களைக் கேட்டால் நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

அந்த மெட்டை எந்த இசையமைப்பாளரும் போடவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, நாளெல்லாம் டப்பிங்கில் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருகிற பேயக்கா, பாட்டு வராமல் மூக்காலேயே முனகித் தூங்கவைத்தது.

மகள் காதில் அது விழுந்திருக்குமா என்பதற்கு எந்த விமர்சனமும் பதில் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தாள். பயமுறுத்த வேண்டிய இடத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். பேயக்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திரையில் நிறுத்திவைத்த பிணங்கள் நீல வெளிச்சத்தில் அசையாமல் மிதந்தன. ஏசியின் இரைச்சல் எங்கோ தூரத்து மழைபோல் கேட்டது. அவளுக்கும் கண் சொருகியது.

இன்ஜினியரின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவன் தலையைச் சொறிந்தான்.

“டைரக்டர்தான். அந்த மெட்டைத் தூக்கிடணுமாம். எபிசோடையே மாத்திப் போடப்போறாங்க. ஒரே ஒரு உறுமல்தான்க்கா, சட்டுனு முடிச்சிடலாம்.”

பேயக்கா கண்ணைத் திறந்தாள். மகள் இன்னும் பார்க்காமல் இருந்தால்? இனிமேல் போட்டுப் பார்த்தால் அதில் வெறும் உறுமல்தானே இருக்கும்?

“கடைசியா இருக்கறது ஊசிப்பட்டாசு எழுதினது. நானே படிக்கல, நீங்களே பாருங்க” என்று போனை அவள் மடியில் போட்டுவிட்டு அவன் உள்ளே போனான்.

ஊசிப்பட்டாசு என்ற பெயரில் எழுதுவது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆணா பெண்ணா என்பதே தெரியாது. ஆனால் வாரம் தவறாமல் வெடிக்கும், இயக்குநரே முதலில் தேடிப் படிப்பது அதைத்தான்.

முதல் பத்தியிலேயே கதை, நடிப்பு, மேக்கப் எல்லாம் காலி. கடைசிப் பத்தி பெஞ்சருகே நின்ற பிணத்துக்கு.

‘தூங்கவைப்பது என்று இறங்கிவிட்டால் ஒழுங்காகத் தூங்கவைக்க வேண்டும். மெட்டு தணிந்ததும் முதுகில் தட்ட வேண்டாமா? தட்டிக்கொண்டே வந்து, தூங்கிவிட்டதா என்று பார்க்கக் கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் கடைசியாக ஒரே ஒரு தட்டு. அது விழாமல் யாருக்குத் தூக்கம் வரும்? ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்.’

பேயக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

எபிசோடில் தட்டல் கிடையாது. மைக் முன்னால் வளையலைக்கூடக் கழற்றிவைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும், புடவையில் கை உரசினாலும் பதிவாகிவிடும். தட்டல் இருந்ததெல்லாம் வீட்டில்தான். அந்தத் தட்டு விழுந்த முதுகு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று.

திரும்பவும் படித்தாள். எழுத்தெல்லாம் கலங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விளக்கு அணைந்தது. திரையில் பள்ளிக்கூடம் வந்தது. பெஞ்சுக்கு அடியில் சின்னப் பெண்.

அவள் உறுமவில்லை. பழைய மெட்டையே முதலிலிருந்து முனகினாள். அது தணிந்ததும் உள்ளங்கையால் தன் தொடையில் தட்ட ஆரம்பித்தாள், மெதுவாக, இன்னும் மெதுவாக.

“அக்கா, என்னமோ தட்டற சத்தம் விழுது” என்றது ஹெட்போன்.

“விழட்டும்ப்பா. இதுல கைவெச்சா நான் இனிமே வரமாட்டேன்னு உங்க டைரக்டர்கிட்ட சொல்லிடு.”

சொல்லிவிட்டுக் கையை நிறுத்தினாள். தூங்கிவிட்டாளா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு கடைசியாக ஒரு தட்டு.