மடைச்சாமிக்கு ஆமா

முதல் வெட்டு தோளில் விழுந்தது.

அவள் பாடினாள். வீசுகோல் வில்லின் நாணில் இறங்கியது. மணிகள் அதிர்ந்தன.

"ஆமா," என்றார் பக்கத்தில் குடம் அடிக்கும் மாமா.

வில்லுப்பாட்டில் அப்படித்தான். ஒரு வரி பாடினால் யாராவது ஆமா போட வேண்டும். ஆமா விழாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. கதை பாதியில் நின்றால் சாமி ஊரைச் சும்மா விடாது.

உச்சிக்கொடை, சாமிக்கு நடுப்பகலில் நடக்கும் விழா. குளத்து மடையருகே பந்தல். கீழ்வயலுக்குத் தண்ணீர் திறந்த ஒருவனை, ஏதோ ஒரு காலத்தில், மேல்வீட்டார் இந்த மடைக்கல்லில் வைத்து வெட்டினார்கள். செத்தவன் சாமியானான். வெட்டியவர்களின் பேரன்மார்தான் இன்று கொடை நடத்துகிறார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

இரண்டாவது வெட்டில் மணிக்கட்டு போனது. விரல்கள் மடைத் தண்ணீரோடு போயின.

"ஆமா."

மூன்றாவது கழுத்தில். தலை கல்லில் மோதிய சத்தத்தை மாமா குடத்தில் கொண்டுவந்தார். பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் மூடவில்லை.

அதே கல்லில் போன ஐப்பசியில் பாடுகிறவளின் தம்பி வெட்டுப்பட்டுக் கிடந்தான். அவனும் மடையைத்தான் திறந்தான். பட்டப்பகல். பாதி ஊர் பார்த்தது, மாமாவும் பார்த்தார். கோர்ட் படி ஏறியதும் எல்லாருக்கும் கண் அவிந்துவிட்டது.



வெட்டியவன் பேர் வரும் இடம். மேல்வீட்டார் என்று பொதுவாகச் சொல்லிக் கடப்பது வழக்கம்.

"வெட்டினது கொம்பையா," என்று பாடினாள். "விழுந்தது என் தம்பி."

குடம் நின்றது. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

முன்வரிசையில் கொம்பையா எழுந்தான். சாமி முன்னால் சாத்தியிருந்த அரிவாளை உருவினான்.

"ஏட்டி, பாட்ட மாத்து."

அவளுக்குப் பயமாக இருந்தது. அதே வரியைப் பாடினாள்.

ஆமா வரவில்லை.

அரிவாள் வில்லின் மேல் இறங்கியது. நாண் அறுந்து அவள் கன்னத்தைக் கிழித்தது. மணிகள் சிதறின. குடம் உருண்டது. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது.

வெறும் தொண்டையில் மூன்றாம் முறை பாடினாள்.

அரிவாள் மறுபடி ஓங்கியது.

"ஆமா."

பெண்கள் பக்கத்திலிருந்து. கண்ணை மூடாதவள் எழுந்து நின்றாள்.

கொம்பையாவின் அம்மா.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

மாமா உருண்டு கிடந்த குடத்தை மடிக்கு இழுத்தார்.

அவள் அடுத்த வரிக்குப் போனாள்.