ஒரு மூடித் தண்ணீர்

செஞ்சிக்கோட்டைப் படிகளைச் சுரண்டிக்கொண்டு வரும் பவுனம்மாளின் கம்பி பிரஷ், கல்லூரித் தாவரவியல் ஆசிரியை ஷோபனாவின் கையருகே நிற்கிறது. படியிடுக்கில் கருகிக் கிடக்கும் பாசியை ஷோபனா உள்ளங்கையால் மூடியிருக்கிறாள். “செத்துப்போனத இன்னாத்துக்கு டீச்சர் காப்பாத்துறீங்க? மேஸ்திரி வர்றாரு, கைய எடுங்க.” கீழே செருப்போசை ஏறி வருகிறது. “இது சாவல அக்கா, காஞ்சுதான் இருக்குது. ஒரு நிமிஷம் பாருங்க.” ஷோபனா பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். சுடுகிற கல் பாதியைக் குடித்துவிடுகிறது. எதுவும் அசையவில்லை. செருப்போசை நெருங்குகிறது. பாசியில் முறுக்கிக் கிடந்த இலையொன்று, எறும்பின் காலளவே இருப்பது, மெல்ல விரிகிறது. பக்கத்தில் இன்னொன்று. கறுப்புக்குள்ளிருந்து பச்சை கசிந்து வருகிறது. பவுனம்மாளின் பிரஷ் அந்தரத்திலேயே நிற்கிறது. “இந்தப் படி சுரண்டியாச்சா?” மேஸ்திரியின் தலை தெரிகிறது. பவுனம்மாள் தன் குப்பைக்கூடையை நகர்த்திப் பாசியை மறைத்து, அதன்மேல் நிழலாக வைக்கிறாள். “சுத்தமா ஆச்சுங்க.”